காற்றுத்தூரிகை இன்றியும் கைவரும் கலை

ஒரு தொழிலைத் தொடங்குமுன் அதற்குரிய கருவிகள் அனைத்தும் கைவசம் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் இக்காலத்து இளைஞரிடையே வேரூன்றி வருகின்றது. இசை பயில விழைவோன் ஆசிரியரைத் தேடுமுன் வாத்தியத்தின் விலையை விசாரிக்கின்றான். புகைப்படம் பிடிக்க விரும்புவோன் ஒளியையும் நிழலையும் உற்றுநோக்கக் கற்குமுன் கமிராவின் வகைகளை மனப்பாடம் செய்கின்றான். கருவி கலைக்குத் துணை என்பதை மறுப்பார் இலர். ஆயின் கருவியே கலையென்று மயங்குவோர் பலர். இம்மயக்கத்தை விளக்குதற்குச் சிறியதொரு துறையை ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன். மாதிரிக் கட்டடங்களுக்கும் மாதிரி நிலப்பரப்புக்கும் வண்ணந்தீட்டும் கைவேலையே அது.

கோட்டை, பாலம், புகைவண்டி நிலையம், குடிசை, மலைச்சரிவு, ஆற்றுப்படுகை முதலியவற்றைக் குறித்ததோர் அளவின்படி சுருக்கி அமைத்தலை மாதிரியமைத்தல் என்கின்றோம். கட்டடக்கலை பயிலும் மாணவரும், வரலாற்றையும் பூகோளத்தையும் கண்ணாற் காட்டிக் கற்பிக்க விழையும் ஆசிரியரும், மாதிரி ரயில் அமைப்போரும், மேசைமேல் சிறு படைகளை நிறுத்திப் போர் விளையாட்டு ஆடுவோரும் இதனை மேற்கொள்கின்றனர். இவர்களிடையே அண்மைக்காலத்தில் ஓர் அபிப்பிராயம் பரவியுள்ளது. முழங்கை நீளத்துக்கு மேற்பட்ட மாதிரிகளுக்கு 'ஏர்பிரஷ்' எனப்படும் காற்றுத்தூரிகை இன்றியமையாதது என்பதும், அஃதில்லாதோன் பெரியதொரு மாதிரியைத் தொடுதல் வீண்பிரயாசை என்பதுமே அவ்வபிப்பிராயம். இது பிழைபட்டதென்பதும், பொருள்வசதி குறைந்த மாணவரைத் தொடக்கத்திலேயே பின்வாங்கச் செய்தலாற் கேடு பயப்பதென்பதும் என் கருத்து. அதற்குரிய காரணங்களை முறையே கூறுவேன்.

முதலாவது, வரலாறு கூறும் சான்று. காற்றின் விசையால் வண்ணத்தை நுண்துளிகளாகத் தெளிக்கும் கைக்கருவியை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆப்னர் பீலர் என்பார் 1879-இல் உருவாக்கினார். தொடக்கத்தில் அது பெரிதும் புகைப்படங்களைத் திருத்தி மெருகிடுதற்கே பயன்பட்டது. மாதிரியமைக்கும் கலையோ அதனினும் மிக மூத்தது. பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியின் அமைச்சர் லூவுவா என்பாரின் யோசனைப்படி, 1668 முதல் அந்நாட்டின் அரண்சூழ் நகரங்கள் ஒவ்வொன்றையும் அறுநூற்றில் ஒரு பங்கு அளவில் மாதிரியாக அமைக்கத் தொடங்கினர். மரமும் தாளும் பட்டும் மணலும் கொண்டு ஆக்கப்பட்ட அந்நகரங்களில், வீட்டுக் கூரைகளும் வயல்களும் அகழிநீரும் தத்தம் நிறத்தோடு விளங்குகின்றன. அவற்றுட் பலவற்றைப் பாரிஸ் நகரத்து இன்வாலித் மாளிகையில் இன்றும் காணலாம். இவை விளையாட்டுப் பொருள்கள் அல்ல. தளகர்த்தர்கள் கோட்டை முற்றுகையை ஆராய்தற்கு அமைந்த அரசாங்கச் சாதனங்கள். அவற்றின் ஓடும் சுவரும் காற்றுத்தூரிகை இன்றியே நிறம் பெற்றன.

பிரஷ்யா நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பார் 1812-இல் தம் மன்னருக்கு அளித்த போர்விளையாட்டு மேசையும் இத்தகையதே. மலையும் ஆறும் புடைப்பாக வகுக்கப்பெற்று வண்ணந்தீட்டிய துண்டுகள், வேண்டியவாறு மாற்றி அடுக்கத்தக்கனவாய் அதன்கண் அமைந்திருந்தன.

இவற்றினும் வியக்கத்தக்கது, கேப்டன் வில்லியம் சைபார்ன் அமைத்து 1838-இல் லண்டன் மாநகரிற் காட்சிக்கு வைத்த வாட்டர்லூ போர்க்கள மாதிரி. எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட சிறு உருவங்கள் அதிலுண்டு. அவர் 1830-இல் போர்க்களத்திலிருந்த பண்ணைவீடொன்றில் எட்டு மாதங்கள் தங்கி நிலத்தை அளந்தார். பின்னர், போரிற் கலந்துகொண்ட அதிகாரிகளுக்குக் கடிதங்கள் விடுத்து, 1815 ஜூன் 18-ஆம் நாள் அவரவர் நின்ற இடத்தில் எவ்வகைப் பயிர் விளைந்திருந்தது என்று வினவினார். பயிர் இன்னதென்று அறிந்தாலன்றி அவ்வயலின் நிறத்தை அவரால் துணிதல் இயலாதன்றோ? அரசாங்கம் பொருளுதவியை இடையே நிறுத்தியபின்னும் தம் செலவிலேயே அதனை முடித்தார். பெரிய நிலப்பரப்புக்கு நிறங்கூட்டுதற்கு முதலில் வேண்டியது விசாரணையும் பொறுமையும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவையெல்லாம் பழங்கதை, கருவி வந்தபின் நிலைமை மாறிற்று என்று கூறுவார் உளராயின், இங்கிலாந்து நாட்டு ஆக்ஸ்போர்டுஷயரில் லாங் விட்டன்ஹாம் என்னும் சிற்றூரிலுள்ள பென்டன் காட்சிசாலையை நோக்குக. ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் இங்கிலாந்துக்கு வந்த ராய் இங்கிலாந்து என்பார், அந்நாட்டுப் பழைய கூரைவீடுகள் ஒவ்வொன்றாக மறைந்தும் உருமாறியும் போவதைக் கண்டு வருந்தினார். அவை முற்றும் அழியுமுன் அவற்றின் உருவத்தையேனும் காத்தல் வேண்டும் எனத் துணிந்து, அளந்தும் குறித்தும் மாதிரிகளாக ஆக்கலானார். காட்சிசாலை 1954-இல் தோன்றிற்று. அடிக்கு நான்கு மில்லிமீட்டர், அதாவது எழுபத்தாறில் ஒரு பங்கு, என்பதே அவர்கள் கொண்ட அளவு. கெட்டி அட்டையிற் செங்கற்களின் விளிம்பைக் கீறி, நீர்வண்ணங் கொண்டு கல்லுக்குக் கல் வேறுபாடு தோன்றத் தீட்டிய சுவர்கள் அங்குள்ளன. இதன் உழைப்பைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஒன்பது அங்குல நீளமுள்ள செங்கல் அவ்வளவில் மூன்று மில்லிமீட்டராகவும், மூன்றங்குல வரிசை ஒரு மில்லிமீட்டராகவும் சுருங்கும். முப்பது சென்டிமீட்டர் நீளமும் பதினைந்து சென்டிமீட்டர் உயரமும் உடைய சுவரொன்றில் ஏறக்குறைய 15,000 செங்கல் முகங்கள் அமையும். கற்களுக்கிடையே நிறவேறுபாடு காட்டுதல் பரப்பெங்கும் ஒருசேரத் தெளிக்கும் கருவிக்கு இயல்வதன்று.

இரண்டாவது, கருவியின் இயல்பு பற்றிய காரணம். காற்றுத்தூரிகையை யான் இகழ்கின்றேன் அல்லேன். வழுவழுப்பான பரப்பில் ஒரு நிறம் மற்றொரு நிறத்தோடு தடயமின்றிக் கலக்குமாறு செய்தலில் அதற்கு நிகர் இல்லை. ஆகாய விமானத்தின் உடல், மோட்டார் வண்டியின் மேற்றகடு, மாதிரிக்குப் பின்னே நிறுத்தும் வானத்திரை ஆகியவற்றுக்கு அது மிகப் பொருத்தமானது. ஆயின் கட்டடமும் நிலமும் அத்தகையன அல்லவே! சுண்ணாம்புச் சுவரில் மழைநீர் வடிந்த கோடுகள் உண்டு. அடிப்பகுதியில் மண்ணின் தெறிப்பு உண்டு. வடபுறத்துக்கும் தென்புறத்துக்கும் வெயிலின் வேற்றுமை உண்டு. பாறையில் விரிசலும், மண்ணிற் சரளையும், ஓட்டிற் பாசியும் உண்டு. சொரசொரப்பும் ஒழுங்கின்மையுமே இவற்றின் அழகு. தூரிகையின் தடமும் ஸ்பாஞ்சின் புள்ளியும் வழுவழுப்பான விமானத்திற் குற்றமாகும். பாறையிலோ அவையே குணமாகும்.

மேலும், அக்கருவியின் வாய் ஒரு மில்லிமீட்டரிற் பாதிக்கும் குறைந்த நுண்துளை. வண்ணத்தைப் பாலின் பதத்துக்கு நீர்க்கச் செய்தாலன்றி அதன் வழியே செல்லாது. வண்ணக் கிண்ணமோ மிகச் சிறிது. நிறத்தை மாற்றுந்தோறும் கழுவுதல் வேண்டும். சிறிது உலரினும் துளை அடைத்துக்கொள்ளும். இரண்டடி நீளமுள்ள மலைச்சரிவுக்கு அதனால் நிறமேற்றுதலினும், வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்படிக்கும் இரண்டங்குலப் பட்டைத்தூரிகை விரைவில் வேலையை முடிக்கும். ஆகவே பெரியது என்னும் காரணம் பற்றியே காற்றுத்தூரிகை வேண்டுமென்பது தலைகீழான வாதம்.

இனி, அஃதின்றிச் செய்யும் முறை யாதெனின், அதனைச் சுருங்கக் கூறுவேன்.

மாதிரி நிலங்கள் இக்காலத்துப் பெரும்பாலும் தெர்மோகோலால் ஆக்கப்படுகின்றன. டப்பாவிலிருந்து பீச்சும் ஸ்பிரே வண்ணத்தை அதன்மேல் நேரே அடித்தலாகாது. அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். முதலில் நீர்கலந்த வெண்பசையையேனும், சுவர்களுக்குப் பூசும் நீர்வண்ண எமல்ஷனையேனும் எங்கும் பூசி மூடுதல் வேண்டும். அதனோடு சலித்த மணலைச் சிறிது கலந்துகொள்ளின், பரப்பு உறுதியும் சொரசொரப்பும் ஒருங்கே பெறும். அடிநிறம் கரும்பழுப்பாக இருத்தல் நலம். முழுக்கருமையைத் தவிர்க்க வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. எழுபத்தாறில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியை அறுபது சென்டிமீட்டர் தொலைவில் நின்று நோக்குதல், உண்மைக் கட்டடத்தை ஏறக்குறைய நாற்பத்தைந்து மீட்டருக்கு அப்பால் நின்று நோக்குதற்கு ஒப்பாகும். அத்துணைத் தொலைவில் காற்றின் மங்கலாற் கருமை சாம்பல் தோய்ந்தும், பிற நிறங்கள் வெளிறியும் தோன்றும். பொருளின் நிறத்தை அப்படியே மாதிரிக்கு ஏற்றினால் அது கடைத்தெரு விளையாட்டுப் பொருள்போற் காணப்படுவது இதனாலேயே.

அடிநிறம் நன்கு உலர்ந்தபின் செய்வது உலர்தூரிகை முறை. அகன்ற தூரிகையைச் சற்று வெளிறிய நிறத்தில் தோய்த்து, பழந்துணியிலோ அட்டையிலோ துடைத்து, ஏறக்குறைய வண்ணமே இல்லையென்னும் நிலையில் பரப்பின்மேல் இலேசாக வீசுதல் வேண்டும். மேடுகள் மட்டும் நிறத்தைப் பற்றிக்கொள்ளும். பள்ளங்கள் இருண்டே நிற்கும். இங்ஙனம் படிப்படியாக வெளிறிய மூன்று நிறங்களை ஏற்றின், வெயில்பட்ட பாறை கண்முன் எழும். சுவர்களில் தூரிகையை மேலிருந்து கீழாகவே இழுத்தல் வேண்டும். மழை வடியும் திசை அதுவன்றோ?

இதற்கு மறுதலையானது நீர்த்த பூச்சு. கருமையான வண்ணத்தை மிகுதியான நீரிற் கரைத்து, பாத்திரந் துலக்கும் சோப்புத் திரவம் ஒரு துளி சேர்த்துப் பூசினால், நீரின் பரப்பு இழுவிசை குறைந்து, அக்கரைசல் ஒவ்வொரு விரிசலிலும் தானே ஓடிப் புகும். செங்கற்சுவருக்குச் சாம்பல் கலந்த வெண்ணிறக் கரைசலைப் பூசி, கற்களின் முகத்தை ஈரத்துணியால் ஒற்றியெடுப்பின், இடைவெளிகளிற் சாந்து நிற்பதுபோல் தோன்றும். பின்னர்ப் பத்துக்கு ஒரு கல்லாகத் தேர்ந்து, சற்றே கருகியதும் சற்றே வெளிறியதுமாகிய நிறங்களைத் தொட்டு வைத்தல் போதும்.

பெரிய பரப்பில் இக்கரைசல் குட்டையாகத் தேங்கி உலருமாயின், விளிம்பில் வளையமான கறை உண்டாகும். குட்டையின் ஓரம் முதலில் உலர்தலால் நடுவிலுள்ள நீர் ஓரத்தை நோக்கி ஓடி, நிறத்துகள்களையும் உடன்கொண்டு செல்வதே இதற்குக் காரணம். பூசுமுன் அப்பகுதி முழுவதையும் நீரால் நனைத்துக்கொள்ளலும், தேங்கிய நீரைப் பிழிந்த தூரிகையால் உறிஞ்சியெடுத்தலும் இதற்குப் பரிகாரம். சுவரை ஒரே மூச்சில் முடிக்க முயலாமல், மூலை, தூண், வரம்பு முதலிய இயற்கை எல்லைகளிற் பகுத்துக்கொண்டு பகுதி பகுதியாகத் தீட்டுதல் அறிவுடைமை.

நிறம் ஒன்றோடொன்று இழைதல் வேண்டுமாயின், காற்றுத்தூரிகை இல்லையே என்று ஏங்க வேண்டுவதில்லை. கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டால் இரு நிறங்களையும் எல்லையிற் புள்ளிபுள்ளியாக ஒற்றினால், சற்றுத் தொலைவில் நிற்கும் கண் அவற்றைத் தானே கலந்துகொள்ளும். பழைய பல்தூரிகையின் மயிரை விரலால் நெருடிச் சேற்றுத் தெறிப்பை உண்டாக்கலாம். சாக்கட்டியைச் சுரண்டிய தூளை மென்தூரிகையாற் பூசிப் புழுதியைக் காட்டலாம்.

இவற்றோடு விதியொன்றையும் மறவாது கைக்கொள்ளல் வேண்டும். பெரிய மாதிரிக்கு வேண்டிய வண்ணம் முழுவதையும் ஒரே முறையிற் கலந்து, மூடியுள்ள பாத்திரத்தில் வைத்துக்கொள்க. இடையில் தீர்ந்துபோயின் அதே நிறத்தை மறுபடி கலந்து பெறுதல் அரிது. அக்ரிலிக் வண்ணம் உலர்ந்தபின் சற்றுக் கறுக்குமாதலின், ஈரத்திற் கண்ட ஒப்புமை உலர்ந்தபின் நில்லாது. ஆதலால் எந்நிறத்தையும் கழிவுத் துண்டொன்றிற் பூசி, உலரவிட்டு நோக்கியபின்பே மாதிரியில் ஏற்றுக.

இவ்விடத்து எழத்தக்க ஆட்சேபங்கள் இரண்டு. வழவழப்பான சாந்துச் சுவரில் தூரிகையின் கோடுகள் தெரியுமே என்பது ஒன்று. கெட்டியான பூச்சை ஒருமுறை அப்புவோர்க்கு அது தெரியும்; நீர்க்கச் செய்து, ஒவ்வொரு பூச்சும் உலர்ந்தபின் மறு பூச்சாக மூன்று நான்கு முறை பூசுவோர்க்குத் தெரியாது. காலம் மிகுதியாகுமே என்பது மற்றொன்று. சுவருக்குச் சுவர் செங்கல் எண்ணித் தீட்டுவோர்க்குக் காலம் மிகுதியாவது உண்மையே. ஆனால் அஃது அவர் விரும்பி ஏற்ற நுணுக்கத்தின் விலை. உலர்தூரிகையும் நீர்த்த பூச்சும் அத்துணைக் காலத்தை வேண்டா. பூச்சு உலரும் நேரமோ எக்கருவிக்கும் உண்டு.

மூன்றாவது காரணம் உடல்நலம் பற்றியது. விடுதியறையில் இருவர் மூவர் கூடி உறங்குகின்றனர். சாளரத்தை அடைத்துக்கொண்டு அவ்வறையில் ஸ்பிரே டப்பாவையோ காற்றுத்தூரிகையையோ இயக்குதல், தனக்கும் பிறர்க்கும் தீங்கிழைப்பதாகும். தெளிக்கப்பட்ட நுண்துளிகள் மூச்சோடு உள்ளே செல்லும்; கரைப்பானின் ஆவியைச் சாதாரணத் தூசு முகமூடி தடுக்காது. டப்பாவிலுள்ள வாயுவோ பெரும்பாலும் தீப்பற்றும் இயல்பினது. காற்றைப் புறத்தே செலுத்தும் விசிறிப் பெட்டியும் தக்க முகமூடியும் காற்றழுத்தப் பொறியும் இல்லாமல் கருவியை மட்டும் வாங்குவோன், செலவிற் பாதியையும் ஆபத்து முழுவதையும் விலைக்கு வாங்கியவனாவான். நீர்வண்ணமும் தூரிகையும் கொண்டு வேலை செய்வோனுக்கு இவ்விடர்கள் இல்லை.

இவை அனைத்தினும் சிறந்ததாக யான் கருதும் காரணம் ஒன்றுளது. தூரிகை கண்ணைப் பயிற்றுகின்றது. சுவரில் எங்கே கறை படியும், ஏன் படியும் என்று அறியாதோன் தூரிகையை எங்கே வைப்பான்? கல்லூரிக் கட்டடத்தின் தூம்புவாயின் கீழ் நெடுங்காலமாக ஓடிய நீர் என்ன நிறத்தை விட்டுச் சென்றது, படிக்கட்டின் நடுப்பகுதி ஓரத்தினின்று எவ்வாறு வேறுபடுகின்றது, கோடைப் புல்லுக்கும் மாரிப் புல்லுக்கும் இடையே எத்தனை நிறங்கள் உள என்பனவற்றை நாள்தோறும் கடந்து செல்வோருள் எத்துணைப் பேர் கண்டிருப்பர்? சைபார்ன் பயிரை வினவியதும், ராய் இங்கிலாந்து கூரைவீடுகளை அளந்து குறித்ததும் இக்கண்ணோட்டத்தின் பயனே. அவர்களிடம் இருந்த பெருங்கருவி அதுவே. அஃது எக்கடையிலும் விற்கப்படுவதன்று.

மாதிரிகளை மதிப்பிடும் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். வழுவழுப்பையும் பளபளப்பையுமே திறமையென்று கொண்டு பரிசளித்தல் தகாது. அங்ஙனம் செய்யின், பொருளுள்ளவனுடைய கருவிக்குப் பரிசளித்தவராவோமேயன்றி, மாணவனுடைய உழைப்புக்குப் பரிசளித்தவராகோம். இச்சுவர் ஏன் இங்கே கறுத்தது என்று வினவுக. விடை கூறத் தெரிந்தவனே கலைஞன்.

காற்றுத்தூரிகையைப் பெற்றோர் அதனைப் பயன்படுத்துக. அடிப்பூச்சுக்கும் வானத்திரைக்கும் அது நல்ல பணியாள். அதனைப் பெறாதோர் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாற்போலக் கருவியின்மேற் பழிபோட்டுக் கைகட்டியிருத்தல் வேண்டா. இரண்டங்குலப் பட்டைத்தூரிகை ஒன்று, சிறுதூரிகைகள் இரண்டு, ஸ்பாஞ்சுத் துண்டு, பழைய பல்தூரிகை, நான்கைந்து நிறங்கள் ஆகிய இவை போதும். நண்பர்காள், வரும் விடுமுறையிற் சாணளவு சுவரொன்றை அட்டையில் ஆக்கி, உங்கள் ஊரிலுள்ள உண்மைச் சுவரொன்றின் எதிரே அமர்ந்து அதற்கு நிறந்தீட்டிப் பாருங்கள். அச்சுவரை நீங்கள் அதுகாறும் கண்டதே இல்லை என்பதை உணர்வீர்கள்.